முதலில் சுரங்கம், பிறகு எலும்புகள்

செக் குடியரசின் தலைநகர் பிராக்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ரயிலில் போனால் குட்னா ஹோரா. ஆனால் பிரதான ரயில் நிலையம் பழைய ஊருக்குள் இல்லை. செட்லெட்ஸ் என்ற ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது. அங்கிருந்து பொடிநடையாகப் போனாலே மனித எலும்புகளால் அலங்கரிக்கப்பட்ட சிற்றாலயம் எதிர்ப்படும். அரை நாள் சுற்றுலாவின் வரிசையை இந்த ரயில் நிலையமே தீர்மானித்துவிடுகிறது. முதலில் எலும்புகள், அப்புறம் புனித பார்பரா தேவாலயம், மதியச் சாப்பாடு, திரும்பும் ரயில். ஊர் எதனால் ஊரானதோ அந்த வெள்ளிச் சுரங்கம், நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒதுங்கி நிற்கிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். சுரங்கத்தில் தொடங்காதவர்கள் மேலே இருக்கும் எதையும் பாதிதான் பார்க்கிறார்கள்.

செட்லெட்ஸில் சிஸ்டர்சியன் துறவிகள் மடம் அமைத்தது 1142இல். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்கத்துக் குன்றுகளில் வெள்ளி அகப்பட்ட பிறகுதான் இங்கே ஊர் திரண்டது. வெள்ளியைக் கண்ட துறவி ஒருவர் இடம் மறந்துவிடாமலிருக்கத் தம் அங்கியைக் கழற்றி அடையாளமாகப் போட்டுவிட்டுப் போனார், அங்கிக்கு செக் மொழியில் ‘குட்னா’, அதனால் இந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. தோண்டுவதைக் குறிக்கும் ‘குடட்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொரு விளக்கம். கதைக்கு முதலாவது அழகு. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. அன்றைய செக் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் 1300இல் இத்தாலியச் சட்ட அறிஞர் ஒருவரின் துணையோடு சுரங்கத் தொழிலுக்கென்றே தனிச் சட்டத் தொகுப்பு கொண்டுவந்தார். அதே காலத்தில் நாட்டின் நாணய அச்சடிப்பும் இங்கே குவிக்கப்பட்டது. புளோரன்ஸ் நிபுணர்கள் வந்து தொடங்கிவைத்த அக்கசாலைக்கு ‘இத்தாலிய மாளிகை’ என்ற பெயர் இன்றுவரை நிற்கிறது. அங்கே சுத்தியலால் அடித்து எடுத்த வெள்ளிக் காசு மத்திய ஐரோப்பா முழுவதும் புழங்கியது. அந்தக் காசின் பெயர் ‘பிராக் குரோஷன்’. வெள்ளி இவ்வூருடையது, உழைப்பும் இவ்வூருடையது. பெயர் மட்டும் தலைநகருக்கு.

பார்பரா தேவாலயத்தைப் பாருங்கள். பார்பரா சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதர். 1388இல் கட்டத் தொடங்கியதும், செலவு செய்ததும் மன்னரோ மடமோ அல்ல. சுரங்கத்தால் செல்வம் சேர்த்த நகரத்தார். சமயச் சீர்திருத்தவாதி ஹுஸின் ஆதரவாளர்களோடு நடந்த போர்களில் வேலை நின்றது, பிறகு தொடர்ந்தது. பிராக் கோட்டையின் விளாடிஸ்லாவ் மண்டபத்தைக் கட்டிய பெனெடிக்ட் ரெய்ட் இங்கேயும் விதானம் அமைத்தார். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் காசு வறண்டது. கட்டிய மட்டும் போதுமென்று மேற்குப் பக்கத்தில் தற்காலிகமாக ஒரு சுவரை எழுப்பி மூடிவிட்டார்கள். அந்தத் தற்காலிகம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கட்டடம் நிறைவு பெற்றது 1905இல். முதலில் திட்டமிட்ட நீளம் கடைசிவரை வரவில்லை. வானளாவும் கூரையை அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு இது கோதிக் கலையின் உச்சம். சுரங்கத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கோ, வெள்ளி எங்கே தீர்ந்தது என்பதைக் கல்லில் எழுதிவைத்த கணக்கு.

கீழே என்ன நடந்தது? ‘ஓசெல்’, அதாவது கழுதை என்று பெயர்கொண்ட சுரங்கம் ஏறத்தாழ 500 மீட்டர் ஆழத்தைத் தொட்டது. அந்தக் காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. மின்சாரமில்லை, நீராவியில்லை. கொழுப்பு விளக்கின் வெளிச்சத்தில் உளியும் சுத்தியலும் கொண்டு பாறையைப் பெயர்த்தார்கள். இருட்டில் ஆள் தெரிய வேண்டுமென்று வெள்ளை அங்கி. சாய்ந்த குழிகளில் சறுக்கி இறங்கப் பின்புறம் தோல் மறைப்பு. பெயர்த்த தாதுவை மேலே இழுக்கக் குதிரைகள் சுற்றும் பெரிய மரச் சகடை. 1490ஐ ஒட்டி வரையப்பட்டு இப்போது வியன்னாவில் இருக்கும் ஒரு தேவாலயப் பாட்டுப் புத்தகத்தின் முகப்பில் இது முழுவதையும் காணலாம்: அடியில் வெள்ளை அங்கிக்காரர்கள், நடுவில் சகடையும் தாது பிரிப்பும், உச்சியில் வியாபாரம். அந்தக் காலத்து ஓவியரே ஊரைக் கீழிருந்து மேலாகத்தான் படித்திருக்கிறார். ஆனால் அந்த ஆழத்துக்குப் புனிதம் பூசவும் தேவையில்லை. 1420ஐ ஒட்டிய சமயப் பகையில், பிடிபட்ட ஹுஸ் ஆதரவாளர்களை உயிரோடு தள்ளிக் கொன்றதும் இதே குழிகளில்தான்.

எலும்புகள்தானே கூட்டத்தையும் வருமானத்தையும் கொண்டுவருகின்றன, அவற்றைப் பின்னுக்குத் தள்ளுவது ஊரின் வயிற்றில் அடிப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போக வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். செட்லெட்ஸ் சிற்றாலயத்தில் இருப்பவை 40,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். கொள்ளைநோயிலும் போரிலும் செத்தவர்கள் அவர்களில் ஏராளம். மரச்சிற்பி பிரான்டிஷெக் ரின்ட் 1870இல் அவற்றைச் சரவிளக்காகவும், தம்மை வேலைக்கு அமர்த்திய ஷ்வார்ட்சன்பெர்க் பிரபுக் குடும்பத்தின் சின்னமாகவும் கோத்தார். சுரங்கம் கொழித்த நூற்றாண்டுகளில் இந்த வட்டாரத்தில் இறந்தவர்களின் எலும்புக் குவியலில் சுரங்கத்தில் உழைத்தவர்களும் இல்லாமலா போவார்கள்? அதை உணராமல் நேரே உள்ளே நுழைகிறவர்களுக்கு அது பேய் வீடாகத்தான் தெரியும். மண்டையோடுகளுக்குத் தொப்பி மாட்டிச் செல்ஃபி எடுத்த கூத்து எல்லை மீறியதால்தான், 2020 முதல் முன் அனுமதியின்றிப் படமெடுக்கத் தடை வந்தது. தடை கேமராவைத்தான் இறக்க வைக்கும். இவர்கள் யார் என்ற நினைப்பைச் சுரங்கம்தான் தர முடியும்.

‘ஹ்ராடெக்’ என்ற பழைய கோட்டை வீட்டில் இருக்கும் வெள்ளி அருங்காட்சியகம்தான் பயணிகளைச் சுரங்கத்துக்குள் அழைத்துப்போகிறது. வெள்ளை அங்கி, தலைக்கவசம், கையில் விளக்கு. இது வேஷம்தானே என்பார்கள். வேஷம்தான். புகையில்லை, இடுப்பளவு தண்ணீரில்லை, வெளியே வந்தால் காப்பிக் கடை இருக்கிறது. ஆனால் தலையைக் குனிந்து, உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டிய அந்தச் சந்து வேஷமில்லை. அன்று உளியால் குடைந்த அளவுதான் இன்றும் இருக்கிறது. முதியவர்களுக்கும், மூட்டுவலிக்காரர்களுக்கும், அடைசலான இடத்தில் மூச்சு முட்டுபவர்களுக்கும் அது முடியாது என்பது வலுவான ஆட்சேபம். அவர்கள் தரைமட்டத்திலேயே சகடையைப் பார்க்கலாம். பிறகு இத்தாலிய மாளிகைக்குப் போய்விட்டு, பார்பரா தேவாலயத்துக்குள் நுழையலாம். அங்கே ஒரு சிறு வழிபாட்டறையின் சுவரில் நாணயம் அடிப்பவர்கள் சுத்தியலோடு வரையப்பட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், வெள்ளை அங்கி அணிந்த சுரங்கத் தொழிலாளியின் சிலை நிற்கிறது. பெரும்பாலான தேவாலயங்களில் புனிதர்களும் பிரபுக்களும் மட்டுமே பிடித்துக்கொள்ளும் இடம் அது. எலும்பு மண்டபம் எங்கும் போய்விடாது. சாயங்காலம் ரயிலைப் பிடிக்கப் போகும்போது வழியில்தான் இருக்கிறது.