வாங்குகிறவனுக்குத் தண்டனை மட்டும் போதுமா?

பெண்ணுக்கு விலை பேசுகிறவன் குற்றவாளியா, வயிற்றுப் பாட்டுக்கு வழியின்றி விலைபோகிறவள் குற்றவாளியா? நம் நாட்டுச் சட்டம் பெரும்பாலும் அவளையே பிடித்து வந்திருக்கிறது.

1956ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன் 8ஆம் பிரிவு, ஆளை அழைத்தாள் என்று பெண்ணுக்கு 6 மாதம் வரை சிறை விதிக்கிறது. காசு கொடுத்தவனோ, கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி போன்ற இடங்களின் அருகே பிடிபட்டால்தான் 7ஆம் பிரிவில் மாட்டுவான்.

1999ல் ஸ்வீடன் இதைத் தலைகீழாக்கியது. விற்பவள் மீது வழக்கில்லை, வாங்குகிறவனுக்கே தண்டனை. தெரு விபசாரம் பாதியாகக் குறைந்தது என்று 2010ல் அந்நாட்டு விசாரணைக் குழு கூறியது. ஆனால் 2015ல் இதே சட்டம் செய்த வட அயர்லாந்தில், வாங்குவோர் குறைந்ததற்கு ஆதாரமில்லை என்று 2019 ஆய்வு சொல்லிற்று. 2016ல் பிரான்ஸ் இவ்வழியில் சென்றபோது, தொழிலை விட்டு வெளியேறும் பெண்ணுக்கு மாத உதவித் தொகையும் அறிவித்தது. தொகை மிகச் சொற்பம். ஆனால் வழி சரியானது.

இங்கும் 2006ல் ஒரு மசோதா வந்தது. கடத்தி வரப்பட்ட பெண்ணைத் தேடி விடுதிக்குப் போகிறவனைத் தண்டிப்பது, 8ஆம் பிரிவை நீக்குவது என்பவை அதில் இருந்தன. கல்கத்தா சோனாகாச்சிப் பெண்களின் சங்கம் அதை எதிர்த்தது. வேறு பிழைப்புக் காட்டாமல் உள்ள பிழைப்பை மூடினால் என்ன செய்வது என்பதே அவர்கள் கவலை. அதை அலட்சியம் செய்ய முடியுமா? 2009ல் லோக்சபாவோடு மசோதாவும் காலாவதியாயிற்று.

கடத்தப்பட்டவள் என்று தெரிந்தும் அனுபவிக்கிறவனுக்கு 2013லேயே தண்டனை வந்துவிட்டது. இன்று நியாய சன்ஹிதையின் 144ஆம் பிரிவில் அது 3 ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல். விடுதிச் சோதனையில் பெண்களைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாதென்று 2022 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவிட்டது. ஏட்டில் இருப்பது போலீஸ் நிலையத்துக்கு வரவேண்டும்.

நமக்கென்ன இதில் என்று விருதுநகர், சிவகாசித் தொழிலாளிகள் கேட்கலாம். 2018 அக்டோபரில் பேரியம் உப்புக்குத் தடை வந்தபின் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை மறந்தீர்களா? 2012ல் முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் வெடிவிபத்தில் மாண்டார்களே! வேலை நின்றாலும், வீட்டுக்காரன் மாண்டாலும், குழுக்கடன் தவணை நிற்பதில்லை. இந்த நெருக்கடியில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் நம் பெண்களைக் குறை சொல்ல ஒருவனுக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் ஆள்பிடிக்கும் தரகன் எங்கும் தேடுவது இத்தகைய வீட்டைத்தான்.

ஆகவே நமது கோரிக்கை இது: 8ஆம் பிரிவை ரத்துச் செய்! தரகனையும், கடத்தப்பட்டவளை வாங்குகிறவனையும் தண்டி! ஆலை மூடினால் நிவாரணம், மாண்டவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு, பெண்ணுக்குக் கட்டுப்படியாகும் கூலி கொடு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாங்குகிறவன் பணக்காரன் மட்டுமல்ல. நம் வரிசையிலும் இருக்கிறான். கூலிக்காக ஒன்றாகக் கைகோத்து நிற்கும் பெண்ணின் பசியை, இரவில் காசு காட்டி வாங்குகிறவன் எப்படித் தோழனாவான்? சங்கத்தில் இதையும் பேசுங்கள்.