ஸலாமுக்குப் பிறகு என்ன பேசுவது?

செங்கல்பட்டு மாவட்டத்தின் தொழிற்சாலைகளிலும் கட்டடப் பணிகளிலும் உணவகங்களிலும் இன்று பீகார், மேற்கு வங்கம், அஸ்ஸாம், ஒடிசா மாநிலத்தவர் உழைக்கிறார்கள். கருங்குழி, மதுராந்தகம் என நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களும் இதற்கு விலக்கல்ல. அவர்களில் முஸ்லிம்கள் ஜும்ஆவில் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். ஸலாம் சொல்லிக் கொள்கிறோம். அதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. தமிழ் பயானும் அவர்களுக்குப் புரிவதில்லை.

இந்த மௌனத்துக்கு விலை உண்டு. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வதந்தி பரப்பியோர் மீது தமிழகக் காவல்துறை வழக்குப் பதிந்தது. ‘உண்மையா?’ என்று பக்கத்து வீட்டில் கேட்க மொழி இல்லாதவர், செல்போன் சொல்வதைத்தானே நம்புவார்?

மொழி தெரியாத ஊரில் பள்ளிவாசல் என்ன செய்யும் என்பதற்கு இலங்கை சாட்சி. டச்சுக்காரர்கள் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து சிப்பாய்களையும் நாடு கடத்தப்பட்டோரையும் அங்கே கொண்டு வந்தார்கள். 1708இல் ஜாவா மன்னர் மூன்றாம் அமங்குராத்தும் அப்படி வந்தவரே. அவர்களின் வழித்தோன்றல்களான இலங்கை மலாய் மக்கள், தமிழ் பேசும் முஸ்லிம்களோடு தொழுதார்கள், மணஉறவும் கொண்டார்கள். அவர்களது மலாய் மொழியின் வாக்கிய அமைப்பிலேயே தமிழின் தாக்கம் இருப்பதை மொழியியலாளர் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆயினும் தம் மொழியை அவர்கள் கைவிடவில்லை. 1869இல் கொழும்பில் அரபு எழுத்தில் மலாய்ப் பத்திரிகையே நடத்தினார்கள். அரபுத்தமிழ் வளர்த்த நமக்கு இது அந்நியமான செய்தியா?

வந்தவரே நம் மொழியைக் கற்கட்டும் என்று காத்திருப்பது நபிவழி அன்று. யூதர்களின் கடிதங்களைப் படிக்க அவர்களது எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். சில நாட்களிலேயே அவர் கற்றுக்கொண்டார்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை எளியவை. ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் பயானின் சாரத்தை உருதுவில் சொல்லலாம். உருது அறிந்த ஆலிம்கள் நம்மிடம் உண்டு. வங்காளிகளுக்கு அவர்களிலேயே தமிழ் பழகிய ஒருவரை நிறுத்தலாம். இஷாவுக்குப் பின் மக்தபில் கூலி, மருந்து, பேருந்து, காவல் நிலையம் சார்ந்த பேச்சுத் தமிழைக் கற்பிக்கலாம். இந்த வகுப்பில் பீகாரின் இந்துத் தொழிலாளிக்கும் இடம் வேண்டும். அண்டை வீட்டார் உரிமை மதம் பார்த்து வருவதில்லை.

கூலி பாக்கி நின்றாலோ, சாரத்திலிருந்து விழுந்து அடிபட்டாலோ, தன் நிலையை எடுத்துச் சொல்ல அவருக்கு ஒரு நாக்கு வேண்டும். இன்ஷா அல்லாஹ், அந்த நாக்காக நம் மஹல்லா இருக்கட்டும்.