பிளக்கில் இல்லை இழுவை

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வருத்தம் வந்தாலும் முதலில் கழற்றப்படுவது பிளக்தான். ஸ்ராட் ஆகவில்லையா, பிளக். இழுவை இல்லையா, பிளக். லீற்றருக்கு ஓடும் தூரம் குறைந்துவிட்டதா, அதுவும் பிளக். சைலன்சர் ஓட்டையாகி ஊரைக் கூட்டும்போது மட்டுந்தான் அதைச் சும்மா விடுகிறார்கள். இப்போது இந்த நம்பிக்கைக்கு ஒரு விலையும் ஒட்டியாயிற்று: பிளக் எவ்வளவு விலை கூடியதோ, எஞ்சினுக்கும் அவ்வளவு பலம் என்கிறார்கள். நகரத்து உதிரிப்பாகக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இப்படி ஒரு பேச்சுக் காதில் விழும்.

"அண்ணை, இரிடியம் பிளக் இருக்கோ?"

"என்ன சைக்கிள் தம்பி?"

"பல்சர் நூற்றைம்பது."

"அப்ப ரெண்டு வேணும். போட்டுப் பாரும், பிறகு சைக்கிளைப் பிடிக்கேலாது."

என்ன ஆண்டு மொடல், கழற்றிய பிளக்கில் என்ன எண் இருந்தது, அது என்ன நிறத்தில் இருந்தது என்று கடைக்காரரும் கேட்கவில்லை, தம்பியும் சொல்லவில்லை. காசு கைமாறியதோடு வைத்தியம் முடிந்துவிட்டது.

இதை வெறும் மடமை என்று தள்ளிவிடவும் முடியாது. இந்த நம்பிக்கை எங்களிடம் வந்த வழியைப் பார்த்தால் அதற்கு நியாயம் உண்டு. 1990 யூனில் மீண்டும் சண்டை தொடங்கியபின் குடாநாட்டின்மீது விழுந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் காணக் கிடைக்காத சாமான்களாயின. அப்போது சின்ன ஹொண்டாக்களும் ஏ40, மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயைக் கொடுக்கிற வித்தை வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தது. பெற்றோல் நாற்பது பாகையை அண்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு நூற்றைம்பது பாகையாவது வேண்டும். ஆவியாகாத எண்ணெய் பிளக்கின் வெள்ளைப் பீங்கானை நனைக்கும், அதன்மேல் கரி படியும். பிறகு கொயிலில் இருந்து வருகிற மின் முனைக்கு முனை பாயாமல் அந்தக் கரியில் ஊர்ந்து எஞ்சின் உடம்புக்குள் இறங்கிவிடும். ஆகவே பிளக்கைக் கழற்று, கடதாசியால் தேய், சூடாக்கிக் காயவை, திரும்பப் பூட்டு. அந்த நாட்களில் எந்த நோய்க்கும் முதலில் பிளக்கைப் பார்த்தவர் சரியான வைத்தியர்தான்.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது பெற்றோல் வந்தது. 2006 ஓகஸ்டில் பாதை பூட்டினதும் திரும்பவும் தட்டுப்பாடு. இரண்டு தலைமுறை இப்படிப் பழகியது. எரிபொருள் மாறிவிட்டது, வைத்தியம் மாறவில்லை. இதில் இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். அன்றைக்கும் துப்புரவான பிளக் மண்ணெண்ணெயைப் பெற்றோல் ஆக்கவில்லை. மண்ணெண்ணெய் தரக்கூடிய அரைகுறை இழுவையை முழுதாகத் தரவிட்டது, அவ்வளவுதான். மண்ணெண்ணெயில் ஓடவென்றே செய்த படகு எஞ்சின்களைப் பாருங்கள். செய்தவன் பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை, சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிற விகிதத்தையே குறைத்தான். (2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340க்கு ஒரேயடியாகப் பாய்ந்தபோது அந்த எஞ்சின்காரர் பட்ட பாடு தனிக்கதை.)

அதே 2022இல் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து தந்தபோதுதான் "இரிடியம் போட்டால் பெற்றோல் மிச்சம்" என்ற பேச்சும் கராச்சுகளில் சூடு பிடித்தது. 2020இல் நின்ற வாகன இறக்குமதி ஐந்து வருடம் நின்றபடியே கிடந்ததால் பழைய சைக்கிள்களைக் கட்டிக்காக்க வேண்டிய நிலை. ஏதாவது ஒரு மருந்து கிடைக்காதா என்று சனம் ஏங்கும் நேரத்தில் மருந்து விற்பவனுக்கு வாய் தானாக நீளும்.

பிளக்குக்குச் சொந்தமாக ஒரு சக்தியும் கிடையாது. மக்னெற்றோ பற்றரியோ கொடுக்கும் மின்னைக் கொயில் பல ஆயிரம் வோல்ற்றுக்கு உயர்த்துகிறது. அது பாய்ந்து போக இரண்டு முனையும் நடுவில் ஓர் இடைவெளியும் தருவதே பிளக்கின் வேலை. பற்றவைத்த பிறகு பிஸ்ரனைத் தள்ளுவது காற்றும் பெற்றோலும் கலந்த கலவை. விலை கூடிய தீப்பெட்டி வாங்கினால் சோறு கெதியாய் அவியுமோ?

இரிடியம் ஒன்றுக்கும் உதவாதது என்று நான் சொல்லவரவில்லை. நிக்கல் ஏறத்தாழ 1,455 பாகையில் உருகும், இரிடியம் 2,446 பாகை வரை தாங்கும். அதனால் நடு முனையை 0.6 மில்லிமீற்றருக்கு, சில செய்கைகளில் 0.4 மில்லிமீற்றருக்குக்கூட மெலிதாக்கலாம். மெலிந்த முனையில் இருந்து பொறி குறைந்த வோல்ற்றிலேயே பாயும். கொயில் கிழண்டுபோன சைக்கிளுக்கும், காலைக் குளிரில் அடம்பிடிக்கிற எஞ்சினுக்கும் அது நல்ல துணை. ஆனால் நூறு தரம் அடிக்கவேண்டிய இடத்தில் நூறு தரமும் அடிக்கிற நல்ல எஞ்சினுக்கு நூற்றியோராவது அடியை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்?

விலைப் பைத்தியத்தால் காசுதான் போகும். எண்ணைப் பாராமல் போடுவதில் எஞ்சினே போகும். "சூடான பிளக்" என்றால் சூடான பொறி தருவது என்று பல மெக்கானிக்மாரே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சூடு பொறியைப் பற்றியதே அல்ல. பீங்கான் மூக்கில் ஏறுகிற வெப்பம் எவ்வளவு விரைவாகச் சிலிண்டர் தலைக்குள் இறங்குகிறது என்பதே கணக்கு. நீண்ட மூக்கு வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும், அது சூடான பிளக்; கட்டை மூக்கு விட்டுவிடும், அது குளிர்ந்தது. மூக்கு 450 பாகைக்குக் கீழே கிடந்தால் படிந்த கரி எரியாது. 850ஐத் தாண்டினால் பொறி வருமுன்பே அந்த மூக்கே கலவையைக் கொளுத்திவிடும், பிஸ்ரன் தலையில் ஓட்டை விழும். எண்ணைப் பார்த்து வாங்கச் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

பழைய ஹொண்டாக்காரர் எல்லாரும் அறிந்த என்ஜிகே சி7எச்எஸ்ஏ-யை எடுங்கள். சி என்றால் 10 மில்லிமீற்றர் மரை. 7 வெப்ப எண். எச் என்றால் மரையின் நீளம் 12.7 மில்லிமீற்றர். எச் இருக்கவேண்டிய இடத்தில் ஈ என்று போட்ட 19 மில்லிமீற்றர்காரனைப் பூட்டினால் அது உள்ளே நீண்டு பிஸ்ரனில் முட்டும். என்ஜிகேயில் எண் கூடக்கூடப் பிளக் குளிரும். பொஷ்ஷிலும் சம்பியனிலும் நேர்மாறு, எண் கூடக்கூடச் சூடு. "ஏழுக்கு ஏழு சரிதானே" என்று ஒரு கொம்பனியை எடுத்துவிட்டு மற்றதைப் பூட்டுகிறவர் வேறு ஏதோ ஒன்றைத்தான் பூட்டுகிறார். கரி பிடிக்குது என்று ஒரு படி சூடானதைப் போடுவதும் மண்ணெண்ணெய்க்காலத்துத் தந்திரம். அந்தப் பிளக்கோடு பின்னால் ஆளையும் ஏற்றி, ஆனையிறவு வெளியில் முறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போகிறவர் எஞ்சினோடு சூதாடுகிறார்.

கறுத்த பிளக்கைக் கண்டதும் தூக்கி எறிகிறார்களே, எறியுமுன் வெளிச்சத்தில் பிடித்து ஒரு தரம் பாருங்கள். விரலால் தொட்டால் சட்டிக் கரிபோல உலர்ந்து ஒட்டுகிறதா, ஈரமாய்ப் பளபளத்துப் பிசுக்குகிறதா? ஈரமும் பிசுக்கும் என்றால் ஒயில் மேலே ஏறுகிறது. றிங்கையோ வால்வ் சீலையோ பார்க்கவேண்டும், எந்தப் பிளக்கும் அதை நிறுத்தாது. உலர்ந்த கரி என்றால் பெற்றோல் கூடி, காற்றுக் குறைகிறது. எங்கள் ஊரில் அதற்கு முதல் சந்தேக நபர் செம்மண். சோளகம் வீசத் தொடங்கினால் சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் சிவந்த தூசி காற்று வடிகட்டியில் மா மாதிரிப் படிந்துவிடும். மூச்சு முட்டுகிற எஞ்சினுக்குப் பிளக்கை மாற்றினால் புதுப் பிளக்கும் கொஞ்ச நாளில் அதே நிறத்துக்கு வரும். இன்னொரு காரணம் எங்கள் ஓட்டமே. கோண்டாவிலில் இருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு, சந்தையில் இருந்து வீட்டுக்கு, பின்னேரம் கோயிலுக்கு. மேடுபள்ளம் இல்லாத ஊரில் இந்தக் குட்டி ஓட்டத்தில் பிளக் தன்னைத் தானே துப்புரவாக்கும் சூட்டை எட்டவே மாட்டாது. அப்படிக் கறுத்த பிளக்குக்கு நோயில்லை. கிழமையில் ஒரு நாள் பருத்தித்துறை வரை ஓடிவிட்டு வந்தால் வெளுக்கும்.

பிளக்கைச் சிலிண்டர் தலையில் சாய்த்து உதைத்து, "பார், நீல நெருப்பு அடிக்குது" என்று காட்டுகிற சாட்சியத்தையும் நான் ஏற்பதில்லை. வெளிக்காற்றில் பொறி பாய்வது சுகம். சிலிண்டருக்குள் காற்று எட்டு ஒன்பது மடங்கு அமுங்கி நிற்கிறது, அங்கே பாய அதைவிட எவ்வளவோ கூடிய வோல்ற்று வேண்டும். வெளியில் நீலமாய் அடித்த பிளக் உள்ளே அடிக்காமல் விடலாம். கொயில் செத்துப்போகவில்லை என்பதற்கு மேல் அந்த வேடிக்கை ஒன்றையும் நிரூபிக்காது. பெற்றோல் ஆவி வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் அதைச் செய்வது தலைமயிருக்கும் ஆபத்து.

போலியைப் பற்றியும் ஒரு சொல். விலை கூடிய பிளக்கைத்தான் போலிக்காரன் விரும்பிச் செய்வான், லாபம் அங்கேதானே. வழக்கமான விலையில் அரைவாசிக்கு இரிடியம் கிடைத்தால் அதன் முனையில் இரிடியம் இருக்கும் என்று எதை வைத்து நம்புவது?

"நான் போட்டனான், வித்தியாசம் தெரிஞ்சது" என்பார்கள். தெரிந்திருக்கும், பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கழற்றிய பழையதன் இடைவெளியை அளந்து பார்த்தார்களா? 0.7 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய இடம் தேய்ந்து 1 மில்லிமீற்றரைத் தொட்டிருக்கும். அந்த இடத்தில் சரியான எண்ணில் மலிவான நிக்கல் பிளக்கைப் போட்டிருந்தாலும் அதே வித்தியாசம் தெரிந்திருக்கும். முதலில் அதைப் போட்டு ஒரு மாதம், பிறகு இரிடியம் போட்டு ஒரு மாதம், அதே வீதி, அதே பெற்றோல் செட், அடித்த லீற்றரும் ஓடிய கிலோமீற்றரும் கொப்பியில் எழுதி யாராவது கொண்டுவரட்டும், உட்கார்ந்து பார்ப்போம். இதுவரைக்கும் என்னிடம் கொப்பியோடு வந்தவர் இல்லை. "பறக்குது அண்ணை" என்று கையை விசுக்கிக் காட்டியவர்கள்தான் வந்திருக்கிறார்கள்.