பாஷ்ய பாடம் கேட்க விரும்பும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக: ஊர்ப் பெரியவர்களுக்கும் சாஸ்திரிகளுக்கும் ஒரு திறந்த மடல்



உபநிஷத்துகள், கீதை, பிரம்ம சூத்திரம் மூன்றையும் பாஷ்யத்தோடு சம்ஸ்கிருதத்திலேயே படிப்பதுதான் மரபான வேதாந்தப் படிப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் இதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாவது ஒதுக்க வேண்டும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வரிசையை மாற்றினால் படிப்பு நிலைக்காது.

முதலில் மொழி. சப்தம், தாது, அமரகோசம் மனப்பாடமான பிறகு வரதராஜரின் லகு சித்தாந்த கௌமுதி. பாணினியின் ஏறத்தாழ 4,000 சூத்திரங்களில் தொடக்க மாணவருக்கு வேண்டியவற்றை மட்டும் அது எடுத்துத் தருகிறது. அடுத்தது தர்க்கம்: அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம், தீபிகையோடு. அனுமானம், வியாப்தி, ஹேத்வாபாசம் ஆகியவை தெரியாதவருக்கு பாஷ்யத்தின் வாதங்கள் பிடிபடா.

பிறகு பிரகரண நூல்கள். அத்வைதத்தில் தத்துவபோதம், சதானந்தரின் வேதாந்தசாரம், 15 அத்தியாயங்கள் கொண்ட பஞ்சதசீ, தஞ்சை வட்டாரத்து தர்மராஜ அத்வரீந்திரரின் வேதாந்த பரிபாஷை ஆகியவை இந்தக் கட்டத்துக்கு உரியவை.

அதன் பின்பே சங்கர பாஷ்யம். 700 சுலோகங்களுள்ள கீதை, ஈசம், கேனம், கடம் போன்ற சிறிய உபநிஷத்துகள், கௌடபாத காரிகையோடு மாண்டூக்யம், பிறகு சாந்தோக்யம், பிருகதாரண்யகம் என்று போகலாம். 4 அத்தியாயம், 16 பாதம், 555 சூத்திரம் என்று அமைந்த பிரம்ம சூத்திர பாஷ்யம் கடைசி. அதன் முதல் நான்கு சூத்திரங்களான சதுஸ்ஸூத்ரீக்கே பல மாதங்கள் போகும். மேலே படிப்பவர்களுக்கு வாசஸ்பதி மிச்ரரின் பாமதீயும் பிரகாசாத்மரின் விவரணமும் உண்டு. விசிஷ்டாத்வைதிகளுக்கு ஸ்ரீபாஷ்யமும் சுருதப்பிரகாசிகையும், மாத்வர்களுக்கு ஜயதீர்த்தரின் நியாயசுதையும் அந்த இடத்தில் நிற்கும்.

பாடம் நடக்கும் முறையும் முக்கியம். சாந்தி பாடம் சொல்லி, ஒரு பங்க்தியைப் படித்து, பதம் பிரித்து, அன்வயம் சொல்லி, ஆட்சேபமும் சமாதானமும் கேட்டு, மறுநாளுக்குள் சிந்தனை செய்து வர வேண்டும். மொழிபெயர்ப்பிலிருந்து பொருளை அறியலாம். பங்க்தி உட்காருவது ஆசிரியர் முன்னால்தான். பெரும்பாலான வெளிநாட்டு நகரங்களில் கிடைக்காதது அந்த ஆசிரியரே.

இந்தக் குறையை ஊர் தீர்க்கலாம். ஊரில் காலை 6 மணி என்றால் நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு 7.30, கோடையில் 8.30. அலுவலகம் முடித்து வந்தவர் பாடத்துக்கு உட்காரத் தோதான நேரம். பிரதமை, அஷ்டமி போன்ற, பாடம் நடத்தாத அனத்யயன நாட்களை ஆசிரியர் இருக்கும் ஊரின் பஞ்சாங்கப்படி வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். விழாக்காலச் சொற்பொழிவுக்கு வெளிநாட்டிலிருந்து திரட்டும் பணத்தில் ஒரு பங்கை, ஒரே ஆசிரியருக்கு ஆண்டு முழுவதும் சம்பாவனையாக ஒதுக்குங்கள். ஒரு நூலை எடுத்தால் முடியும்வரை நிறுத்தாமல் காலைப் பாடமாக நடத்துங்கள். வெளிநாட்டிலிருப்பவர்கள் இணையம் வழி கேட்க இடம் கொடுங்கள். மொழி கற்றவர்களுக்கு முதல் நூலாக தர்க்க சங்கிரகமே போதும்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியில் குடியேறிய ஊர்க்காரர்