மலை இறங்க இயலாதவர்கள்



வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற ஊர்களில் வாழும் நம் வாசகர்களுக்கு ஜவ்வாது மலை அந்நியமானதன்று. தோல் பதனிடும் தொழிலில் முன்னாளில் பெரிதும் பயன்பட்ட கடுக்காய், இம்மலைவாழ் மக்கள் காட்டில் சேகரிக்கும் பொருள்களில் ஒன்று. புளி, தேன், சாமை ஆகியவையும் அங்கிருந்து நம் சந்தைகளுக்கு வருகின்றன. மலையின் விளைபொருள் நம் வீட்டை எளிதாக வந்தடைந்துவிடுகிறது. ஆனால், அதனைச் சேகரித்த கைகள் முதுமையால் தளர்ந்த பிறகு, அரசு தரும் உதவி அந்தக் கைகளை அவ்வளவு எளிதாகச் சென்றடைகிறதா? இம்மாதம் இதனைச் சற்றே சிந்திப்போம்.

மலை ஒன்றுதான், மாவட்டங்களோ மூன்று. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்திலும், புதூர் நாடு திருப்பத்தூர் மாவட்டத்திலும், பீஞ்சமந்தை வேலூர் மாவட்டத்திலும் அடங்குகின்றன. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் 'மலையாளி' எனும் பழங்குடியினர். இம்மலையிலுள்ள காவலூரில், 1986 ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்து விண்மீன்களை ஆராய்ந்து வருகிறது. அதே மலைத்தொடரைச் சேர்ந்த அல்லேரியில், 2023 ஆம் ஆண்டு மே மாதம், பாம்பு கடித்த குழந்தையொன்று மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே உயிர்நீத்தது. சாலை வசதி இல்லாமையால், அந்தப் பிஞ்சு உடலைத் தாயே சுமந்து மலையேற நேர்ந்தது. நடக்க வல்லவர்களுக்கே இந்நிலை என்றால், நடக்க இயலாத முதியவரும் கால் செயலிழந்தவரும் என்ன செய்வர்?

உதவித் திட்டங்கள் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 ஆம் ஆண்டிலேயே, மாதம் 20 ரூபாயாகத் தொடங்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டில் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை 1,500 ரூபாயாயிற்று. கடும் பாதிப்புடையோர்க்கான பராமரிப்புத் தொகை அதற்கு முந்தைய ஆண்டில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. சட்டத்தின் பார்வையும் விரிந்துள்ளது. 1995 ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக்கியது.

ஆயினும், உதவிக்கும் உரியவருக்கும் இடையே ஒரு மலைப்பாதை குறுக்கிடுகிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் உதவி பெற வேண்டுமாயின், முதலில் மருத்துவச் சான்று வேண்டும். குறைபாடு நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். நிபுணர்களோ பெரும்பாலும் சமவெளி நகரங்களில் இருக்கின்றனர். ஜமுனாமரத்தூர்ப் பகுதியினர் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்ல வேண்டும். உடன் செல்பவர் அன்றைய கூலியை இழக்கிறார். குறிப்பிட்ட மருத்துவர் அன்று இல்லையெனில், மற்றுமொரு பயணம்! தொகை கிடைக்கத் தொடங்கிய பின்னும் இடர் தீர்வதில்லை. ஆயுள் முழுதும் மண்ணோடு உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை, கருவியில் பதியாமல் போவதுண்டு. உழைப்பின் தழும்பே உதவிக்குத் தடையாவது எத்துணை வேதனை!

எனவேதான், மக்கள் சேவையைத் தேடி வருவதற்குப் பதிலாக, சேவை மக்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இவ்வழியைச் சார்ந்ததே. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. படுக்கையில் கிடப்போர்க்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் இல்லத்திலேயே அளிக்கப்படுகின்றன. 2025 ஆகஸ்டு 12 அன்று தொடங்கிய 'தாயுமானவர்' திட்டம், எழுபது வயது கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நியாயவிலைக் கடைப் பொருள்களை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. சமவெளியில் இவை வசதிகள்; மலையிலோ இவையே வாழ்வாதாரம்.

உடற்குறை என்பது ஒதுங்கி வாழ்வதற்கான தீர்ப்பன்று என்பதற்கு, மலையடிவாரத்து வேலூரிலேயே ஓர் அரிய சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ், 1954 ஆம் ஆண்டு நிகழ்ந்த வாகன விபத்தில் இடுப்பிற்குக் கீழே உணர்விழந்தார். அவர் துவண்டுவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் அயல்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966 ஆம் ஆண்டு பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவாவதற்கு அவரே காரணமாயிருந்தார். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் எழுந்து அமரவும், தம் வேலையைத் தாமே செய்யவும் இத்தகைய மையங்களில் பயிற்சி பெறுகின்றார். அவரைப் பேணும் முறையை உறவினரும் கற்கின்றனர்.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், கழுத்திற்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981 ஆம் ஆண்டு அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அது நாளடைவில் கிராமங்களுக்கே சென்று மறுவாழ்வுப் பணியாற்றும் அமைப்பாக வளர்ந்தது. அண்டை மாநிலமான கேரளத்தில், 1993 இல் கோழிக்கோட்டில் முளைத்த வலி தணிப்பு இயக்கம், பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் கைகளில் வளர்ந்தது. கடைக்காரரும் மாணவரும் இல்லத்தரசியும் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரத்தைத் தம் தெருவில் உள்ள நோயாளிக்காக ஒதுக்குகின்றனர். பெரும் பணத்தைக் காட்டிலும், ஒழுங்காக ஒதுக்கப்படும் சிறிது நேரமே அங்கு மூலதனம்.

நாம் என்ன செய்யலாம்? முதலில், நம் வீட்டிலும் தெருவிலும் முடங்கியிருப்போர் எவர் எனக் கணக்கெடுப்போம். அவர்களுக்கு ஆதார், வங்கிக் கணக்கு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவை உள்ளனவா என்று பார்ப்போம். இல்லையெனில், படித்த பிள்ளைகள் இ-சேவை மையத்திற்கு உடன் செல்லட்டும். உதவித்தொகை தொடர்பாக வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரை அணுகலாம். புறக்கணிக்கப்படும் முதியோர்க்கு 14567 எனும் இலவசத் தொலைபேசி உதவி எண் உள்ளது. பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரும் உரிமையை 2007 ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர்க்கு வழங்குகிறது.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தல், விரிப்பை ஈரமின்றி வைத்தல், இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவக்கிறதா என்று நாள்தோறும் கவனித்தல் – இம்மூன்றும் படுக்கைப் புண்ணைப் பெருமளவு தடுக்கும். இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. ஆனால், பொறுப்பு முழுவதையும் மருமகள் ஒருத்தியின் தோளில் ஏற்றிவிடுதல் முறையன்று. ஆண்மக்களும் முறை வைத்துப் பங்கேற்க வேண்டும். பேணுபவர் நோயுற்றால் இருவருமே வீழ்வர்.

மலையடிவாரத்து ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் தையல் இயந்திரம், கல்வி உதவி போன்ற பணிகளோடு இதனையும் எண்ணிப் பார்க்கலாம். மருத்துவச் சான்று முகாம் நடைபெறும் நாளில், மலைக்கிராமம் ஒன்றிற்கு ஒரு வாகனத்தை அனுப்பிவைத்தால் போதும். இனம், சமயம் பாராது, இறங்க இயலாதவரை ஏற்றி வந்து, வேலை முடிந்ததும் வீடு சேர்ப்பித்தால் போதும். அந்த ஒரு நாள் பயணம், ஒருவருடைய எஞ்சிய வாழ்நாளுக்கு மாதந்தோறும் வந்து சேரும் உதவியாக மாறும்.

கடுக்காயும் தேனும் நம் வாசல்வரை இறங்கி வந்தன. அதற்கீடாக, நாம் ஒருமுறையேனும் மலையேறிச் செல்லலாகாதா?