நெருப்புக்குத் தாங்கும்... வீட்டுப் பிள்ளைக்குத் தாங்குமா? அமெரிக்காவின் 'கன் சேஃப்' கணக்கு!

பூஜ்யம்... பூஜ்யம்... பூஜ்யம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வீட்டில் இருந்த சின்ன துப்பாக்கிப் பெட்டியின் ரகசிய எண் இதுதான். கம்பெனி வைத்து அனுப்பிய அதே எண். யாரும் மாற்றவே இல்லை.

அந்த வீட்டுக்கு 2021 நவம்பர் 26, பிளாக் ஃப்ரைடே அன்று இன்னொரு துப்பாக்கி வந்தது. வாங்கியவர் அப்பா. அது அந்தப் பெட்டிக்குள்கூட போகவில்லை. துப்பாக்கியை படுக்கையறை அலமாரியில் ஒளித்து வைத்ததாகவும், தோட்டாக்களை ஜீன்ஸ் பேன்ட்டுகளுக்கு அடியில் வைத்ததாகவும் அவர் போலீஸிடம் சொன்னார். துப்பாக்கியோடு இலவசமாக வந்த கேபிள் பூட்டு, கவர்கூட பிரிக்கப்படாமல் கிடந்தது.

நான்கே நாளில், 15 வயது மகன் அதை எடுத்துக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். 4 மாணவர்கள் இறந்தார்கள். 2024-ல் அப்பா, அம்மா இருவருக்குமே 10 முதல் 15 ஆண்டு சிறைத்தண்டனை. பிள்ளை நடத்திய பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்காக, பெற்றோர் மரணத்துக்குப் பொறுப்பாக்கப்பட்டு தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

பீரோ சாவியை புடவை மடிப்புக்குள்ள வெச்சுட்டு 'யாருக்கும் தெரியாது'னு நம்புற வீடு நமக்கும் தெரியும்தானே? எந்தச் சாவி எங்க இருக்குனு முதல்ல கண்டுபிடிக்கிறது வீட்டுல இருக்குற பசங்கதான்!

இப்போ மேட்டருக்கு வருவோம். அமெரிக்காவில் பத்தில் நான்கு பேர் துப்பாக்கி இருக்கும் வீட்டில் வாழ்கிறார்கள். அதனால் 'கன் சேஃப்' எனும் துப்பாக்கிப் பெட்டகம் அங்கே ஃப்ரிட்ஜ் மாதிரி கடையில் வரிசையாக நிற்கும் பொருள். அதன் கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பது என்ன தெரியுமா? '1,200 டிகிரியில் 60 நிமிடம் தீயைத் தாங்கும்.' குறைந்த பட்ஜெட்டில் வாங்க வருபவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

அந்த '60 நிமிட' ஸ்டிக்கர் என்ன சொல்லுது?

1,200 டிகிரி என்பது ஃபாரன்ஹீட் கணக்கு. நம்ம செல்சியஸில் சுமார் 650. வெளியே அந்த அளவு சூடு இருக்கும்போது, உள்ளே வெப்பநிலை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 177 டிகிரி செல்சியஸைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அந்த நிமிடக் கணக்கு. அதற்குக் கீழே இருந்தால் காகிதம் கருகாது என்பது கணக்கின் அடிப்படை.

இரும்புப் பெட்டி எப்படி சூட்டைத் தடுக்குது? இரும்பு தடுக்கவே தடுக்காது. உள்ளே ஒட்டியிருக்கும் ஜிப்சம் பலகைதான் ஹீரோ. ஃபால்ஸ் சீலிங் போடுகிற அதே சமாச்சாரம். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, வேதியியல்ரீதியாகப் பிணைந்திருக்கும் தண்ணீர். சூடு ஏறினால் அந்தத் தண்ணீர் ஆவியாகும். அது முடியும்வரை உள்ளே வெப்பம் வேகமாக ஏறாது. கதவு இடுக்கில் சூடு பட்டால் உப்பிக்கொள்ளும் பட்டை இருக்கும். அது புகையும் நெருப்பும் உள்ளே நுழையாமல் அடைக்கும்.

நல்ல டெக்னிக்தான். ஆனால், அந்த நிமிடத்தை யார் அளந்தது என்பதுதான் கேள்வி.

ஆவணப் பெட்டிகளுக்கு யூஎல் 72 என்று ஒரு கறாரான தரநிலை இருக்கிறது. ஒரு மணி நேரச் சோதனை என்றால் உலையின் சூடு 927 டிகிரி செல்சியஸ் வரை போகும். உலையை அணைத்த பிறகும் பெட்டியை வெளியே எடுக்க மாட்டார்கள். உள்ளேயே ஆறவிட்டு, அந்த நேரத்திலும் வெப்பநிலையை அளப்பார்கள். ஏன்னா, நெருப்பு அணைஞ்ச பிறகும் பெட்டிக்குள்ள சூடு ஏறிக்கிட்டே இருக்கும்.

பட்ஜெட் கன் சேஃப்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனைக்குப் போவதில்லை. நிறுவனம் தானே வைத்துக்கொண்ட அளவுகோலில் கிடைத்த நிமிடங்கள்தான் ஸ்டிக்கரில் இருக்கும். அது பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் இரண்டு கம்பெனிகளின் '60 நிமிடம்' ஒரே 60 நிமிடம் அல்ல.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பேலிசேட்ஸ், ஈட்டன் காட்டுத்தீக்களில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. தெருவே எரியும்போது தீயணைப்பு வண்டி ஒவ்வொரு வீட்டுக்கும் வர முடியாது. இடிபாடுகள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். சமையலறையில் பிடித்த தீ அரை மணியில் அணைக்கப்பட்டால் அந்த ஸ்டிக்கர் காப்பாற்றும். காட்டுத்தீயில் அதை நம்பி பாஸ்போர்ட்டை உள்ளே வைக்க முடியாது.

பணம் எங்கே போகுது?

இரும்புத் தகடு கொண்ட சாதாரண துப்பாக்கி அலமாரி 150-250 டாலருக்குக் கிடைக்கும். தீத்தடுப்பு உள்ள ஆரம்பகட்ட மாடல்கள் சுமாராக 500-லிருந்து 1,000 டாலர். ஒரே விலையில் தீத்தடுப்பு நிமிடத்தை ஏற்றிக்காட்ட வேண்டுமானால், தகட்டை மெலிதாக்கி ஜிப்சத்தைக் கூட்டுவது எளிய வழி. பார்க்க குண்டாக இருக்கும். தட்டினால் கனமாக ஒலிக்கும். ஆனால் தகடு ரொம்பவே ஒல்லி.

தகட்டின் தடிமனை 'கேஜ்' என்று சொல்வார்கள். இங்கே எண் குறையக் குறைய தடிமன் கூடும். 14 கேஜ் என்றால் 2 மில்லிமீட்டருக்கும் கீழே. 12 கேஜ் சுமார் 2.7 மில்லிமீட்டர். இந்த வித்தியாசம்தான் கடப்பாரையின் முன்னால் பேசும்.

'ஆர்எஸ்சி' என்ற முத்திரையும் கதவில் இருக்கலாம். வீட்டுப் பாதுகாப்புப் பெட்டிகளுக்கு யூஎல் தரும் சான்று இது. அதன் அடிப்படை நிலைக்கான சோதனை என்ன தெரியுமா? சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், சின்ன கடப்பாரை மாதிரியான கைக்கருவிகளோடு ஒருவர் தாக்கினால், 5 நிமிடம் திறக்காமல் நிற்க வேண்டும். அஞ்சே நிமிஷம்தான்! அதுவே பட்ஜெட் உலகில் நல்ல மார்க்.

அந்த 5 நிமிடத்தை நீட்டிக்க காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பெட்டியின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக கான்கிரீட் தரையில் போல்ட் போட்டு இறுக்குவது. போல்ட் போடாத பெட்டியை இரண்டு பேர் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டால், முழு உடல் எடையையும் கடப்பாரையில் கொடுத்து நெம்பலாம். சுவர் மூலையில் வைத்து போல்ட் போட்டால் நெம்பவே இடம் கிடைக்காது. தீயிலும் தரைத்தளம்தான் நல்லது. மாடி எரிந்து இடிந்தால், பெட்டியும் சேர்ந்து கீழே வரும்.

ஆனா இதெல்லாம் திருடனுக்கும் தீக்கும்தான். மிச்சிகன் வீட்டுக்குத் திருடனும் வரவில்லை, தீயும் பிடிக்கவில்லை.

உண்மையான எதிரி யார்?

அமெரிக்காவில் 2023-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் பாதிக்கும் மேல், 27,300 பேர், தற்கொலை. 2020 முதல் 1-19 வயதினர் மரணத்துக்கு முதல் காரணமே துப்பாக்கிதான். இதைச் சொல்லித்தான் 2024 ஜூனில் அந்நாட்டின் சர்ஜன் ஜெனரல், துப்பாக்கி வன்முறையை பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தார்.

தற்கொலை எண்ணம் பல நேரங்களில் சட்டென்று உச்சிக்கு ஏறி, சட்டென்று இறங்கக்கூடியது. அந்தச் சில நிமிடங்களில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் ஓர் உயிர் தப்பிக்கலாம். மனநல நிபுணர்கள் பூட்டைப் பற்றி இவ்வளவு பேசுவது இதனால்தான். (மனசு கனமா இருக்கா? தனியா இருக்காதீங்க. அமெரிக்காவில் 988, இந்தியாவில் 14416 டெலிமானஸ் எண்களில் எந்நேரமும் பேசலாம்.)

ஆக, கன் சேஃப் என்பது முதலில் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கான பூட்டு. அப்புறம்தான் திருடனுக்கு. கடைசியாகத்தான் தீக்கு. விளம்பரமோ இந்த வரிசையை அப்படியே தலைகீழாகச் சொல்கிறது!

பூட்டுலயும் உஷார்!

விரல்ரேகை வைத்தால் ஒரு நொடியில் திறக்கும் பெட்டி கேட்க சூப்பர்தான். ஆனால் 2023 அக்டோபரில் ஒரு நிறுவனத்தின் சுமார் 61,000 விரல்ரேகைப் பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. தன் விரல்ரேகை பதிவாகிவிட்டது என்று வாங்கியவர் நினைத்துக்கொண்டிருக்க, பெட்டி யார் விரல் வைத்தாலும் திறக்கும் நிலையிலேயே இருந்திருக்கிறது. 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மரணம் தொடர்பாக வழக்கும் போடப்பட்டது. அதனால் வாங்கிய அன்றே வீட்டில் இருக்கும் எல்லோரின் விரலையும் வைத்துச் சோதிப்பது அவசியம். வேறு யாருக்காவது திறந்தால் அன்றே திருப்பி அனுப்புங்க.

எண் பூட்டிலும் ஒரு கதை உண்டு. 2023-ல் லிபர்ட்டி சேஃப் நிறுவனம், நீதிமன்ற வாரன்ட்டோடு வந்த எஃப்பிஐ-க்கு ஒரு வாடிக்கையாளரின் பெட்டகத்தைத் திறக்கும் எண்ணைக் கொடுத்தது. 'எங்க பெட்டி நம்பர் உங்ககிட்ட எதுக்கு?' என்று வாடிக்கையாளர்கள் கொந்தளிக்க, கேட்டால் அந்தப் பதிவை அழித்துவிடுகிறோம் என்று நிறுவனம் இறங்கிவந்தது. எலெக்ட்ரானிக் பூட்டு வாங்கினால், நீங்கள் வைக்கும் எண்ணைத் தவிர வேறு எண் இருக்கிறதா, அது யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும்.

சட்டம் எங்கே நிற்குது?

2008-ல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டுத் துப்பாக்கியைக் கழற்றியோ பூட்டியோதான் வைக்க வேண்டும் என்ற வாஷிங்டன் டி.சி-யின் விதியைச் செல்லாது என்றது. தற்காப்புக்குப் பயன்படாமல் போகும் என்பது வாதம். அதன்பிறகு மாநிலங்கள் பார்த்துப் பார்த்துத்தான் சட்டம் எழுதுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு சம்பவத்துக்குப் பிறகு மிச்சிகன், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிவைப்பதை 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கியது. கலிஃபோர்னியாவில் வீட்டில் பூட்டிவைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வர்ஜீனியா, பெட்டகம் வாங்குபவருக்கு 300 டாலர் வரை வரிச்சலுகை தருகிறது.

'எனக்கு பட்ஜெட்டே இல்ல'னு சொல்றவங்களுக்கும் வழி இருக்கு. 'புராஜெக்ட் சைல்டுசேஃப்' திட்டத்தில் கேபிள் பூட்டு இலவசம். துப்பாக்கித் தொழில் துறையின் சங்கமே 1999-லிருந்து கொடுத்துவருகிறது. கவரைப் பிரித்து மாட்டினால் போதும்!

சுருக்கமா, வாங்குற வரிசை

1. முதலில் பூட்டு. கம்பெனி எண்ணை அன்றே மாற்ற வேண்டும். பிறந்தநாள், வண்டி நம்பர் வேண்டவே வேண்டாம்.

2. அடுத்து போல்ட். வாடகை வீடு என்றால் ஓனரிடம் முன்பே கேட்டுவிடலாம்.

3. பிறகு தகடு. 12 கேஜும் ஆர்எஸ்சி முத்திரையும் இருந்தால் நல்லது.

4. கடைசியில் தீத்தடுப்பு. பத்திரம், பாஸ்போர்ட்டுக்கு யூஎல் 72 சான்று உள்ள சின்ன ஆவணப் பெட்டியைத் தனியாக வாங்கி, பெரிய பெட்டிக்குள் வைப்பது மலிவான தீர்வு.

5. தோட்டாவைத் தனியே பூட்ட வேண்டும். ஜிப்சம் ஈரத்தை இழுக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் போடாவிட்டால் துப்பாக்கி துருப்பிடிக்கும்.

நமக்கென்ன இதுல?

ஹெச்-1பி விசாவில் இருக்கும் நம்மாட்கள் பொதுவாக அமெரிக்காவில் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள்தான். கிரீன் கார்டு வந்தால் வாங்கலாம். ஆனால் துப்பாக்கியே இல்லாத தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையும் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகும். அனுப்புவதற்கு முன் 'உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா, பூட்டி இருக்கா?' என்று கேட்கச் சொல்கிறார்கள் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள். வேர்க்கடலை அலர்ஜியைச் சொல்வது மாதிரி சாதாரணமாகக் கேட்கலாம்.

டல்லாஸ்லயோ நியூஜெர்சியிலயோ உங்க அக்கா, அண்ணன் இருந்தா, இன்னைக்கே வாட்ஸ்அப்ல இதை அனுப்புங்க. கேட்க ரெண்டு நிமிஷம் கூச்சமா இருக்கும். பரவாயில்ல, கேட்கச் சொல்லுங்க!