கல்யாணியும் ரங்கனும் நமக்கு அந்நியர்களா?

“காதல் நாவலா? வேலை வெட்டி இல்லாதவர்கள் படிக்கட்டும்!” விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்கள் சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஜெயகாந்தனின் ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ நாவலை நாம் உரக்கப் படிக்க ஆரம்பித்தபோது ஒரு தோழர் இப்படித்தான் முணுமுணுத்தார். நாலாவது நாள் மாலை, நமக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

ஜெயகாந்தன் 1934-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர்; நம் பக்கத்துக்காரர். சிறு பையனாகச் சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தவர், கட்சி அச்சகத்தில் வேலை பார்த்தவர். பின்னால் விலகிப் போய், காங்கிரஸ் மேடையேறி, நமக்கு ஒப்பாத பேச்செல்லாம் பேசினார். அந்தக் கணக்கு வேறு. அதற்காக 1971-ல் வந்த இந்த நாவலைத் தள்ளிவிட முடியுமா?

கல்யாணி நாடக நடிகை. ரங்கன் பத்திரிகைக்காரன், மனைவியை இழந்தவன். விரும்பி மணக்கிறார்கள். பிறகு அவனுக்கு ஒரு மனக்குறை: தான் நேசிக்கிற அளவு அவள் தன்னை நேசிக்கவில்லையாம்! பிரிகிறார்கள். வக்கீலிடம் போனால், ஒருவர் மேல் ஒருவர் சொல்லக் குற்றம் இல்லை. அன்றிருந்த 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில், இருவரும் சம்மதித்துப் பிரிய வழியே கிடையாது. அந்த வழி 1976-ல்தான் திறந்தது. அதற்கும் ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மனுப்போட்ட பின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்று விதித்தார்கள். மனசு மாறட்டும் என்று சட்டமே கொடுக்கும் தவணை அது.

கல்யாணிக்குக் கால் விழுந்துவிடுகிறது. ரங்கன் திரும்பி வந்து பணிவிடை செய்கிறான்.

இந்த இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். “இது இரக்கம், காதலில்லை” என்றார் ஒருவர். அச்சு வார்க்கும் தோழரோ, “சுடாத பொம்மை உடைந்தால் ஊறப்போட்டு மறுபடி வார்க்கலாம். சூளைக்குப் போய்வந்தது உடைந்தால் போச்சு” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

நமக்கும் ஒரு குறை உண்டு. அவள் நடமாடிக் கொண்டிருந்தால் ரங்கன் திரும்பியிருப்பானா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், வியாதியைக் கொண்டுவந்து ஆசிரியர் தப்பித்துக் கொள்கிறார் என்றே படுகிறது. பெண் விழுந்தால்தான் ஆணின் அகந்தை இறங்குமா?

அதுவரை பேசாமலிருந்த, பொம்மைக்கு வர்ணம் பூசும் ஓர் அம்மாள் வாய் திறந்தார்.

“அவன் ஏன் வந்தான்னு எல்லாரும் கேக்கறீங்க. அவ ஏன் சேத்துக்கிட்டான்னு ஒருத்தரும் கேக்கலியே! எங்க வீட்டுக்காரரும் திருப்பூருக்குன்னு போனவரு, ரெண்டு வருஷம் தலை காட்டல. ஒரு நாள் வாசல்ல வந்து நின்னாரு. புள்ளைங்களுக்குச் சோறு நான் போட்டுக்கிட்டிருந்தேன். அதனால வான்னு சொல்றதும் போன்னு சொல்றதும் எங் கையில இருந்துச்சு. நாலு நாள் யோசிச்சுத்தான் வான்னேன்.”

கூட்டம் அடங்கிவிட்டது. நாம் தேடிக்கொண்டிருந்த விஷயத்தை அந்த அம்மாள் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். கல்யாணிக்குச் சொந்தச் சம்பாத்தியம் இருந்தது. அவன் போனபோது அவள் காலில் விழவில்லை. வந்தபோது பிச்சையாக வாங்கவுமில்லை. கூலி இல்லாத பெண்ணுக்கு இந்த நாலு நாள் யோசனை ஏது? அடித்தவன் வந்தாலும், குடித்தவன் வந்தாலும் கதவைத் திறந்தே தீர வேண்டும். அதற்கு ‘மறுவாழ்வு’ என்று ஊரார் பெயர் வைப்பார்கள். கரும்பு வெட்டப் போகிற இடத்திலும், நடவு வயலிலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று வைத்திருக்கிறார்களே, அந்த வித்தியாசம் அடுப்பங்கரையோடு நிற்பதில்லை, தோழர்களே! அவள் யாரை மன்னிக்கலாம், யாரைக் கூடாது என்பது வரைக்கும் அது போகிறது.

அச்சுக்காரத் தோழர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. விவாதம் அடுத்த வாரமும் உண்டு. புத்தகம் மட்டும் நம்மிடம் இல்லை. அந்த அம்மாள் வாங்கிப் போயிருக்கிறார். வீட்டுக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாராம்.